அவர் சொன்ன ஐஸ்

கப்பல் ஆஸ்பத்திரியை ஆறு மணிக்குத்தான் திறப்பாங்க அக்கா. அதுவரைக்கும் இப்படி உட்காருங்க. உங்க வீட்டுக்காரருக்கு வாந்திதானே? கப்பல் ஆட்டத்துக்கு ஒரு மாத்திரை தருவாங்க, போட்டுட்டுத் தூங்கினால் சரியாயிடும். முந்தாநாள் எங்க ஆட்கள் ஏழு பேருக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பயப்பட ஒண்ணும் இல்லை. நானும் பயப்படலை. துப்பட்டாவை இப்படிப் போர்த்தியிருக்கறது ஏசியால. இந்தத் தளத்தில் ஏசி அதிகம்.

எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. உள்ளே படுத்திருக்கிறவருக்காக உட்கார்ந்திருக்கேன். அப்பா இல்லை, சொந்தமும் இல்லை. பால்வண்ணம் அண்ணாச்சின்னு பேர். கோவில்பட்டியில் பெயிண்ட் கடை வச்சிருக்கார். நல்லா விற்றுக் கொடுத்த கடைக்காரங்க நாற்பத்தாறு பேரை ஒரு பெயிண்ட் கம்பெனி இந்தக் கப்பலில் இலங்கைக்குக் கூட்டிட்டு வந்திருக்கு. கூட்டிட்டு வர்ற வேலையை எங்க டிராவல்ஸ்கிட்ட கொடுத்தாங்க. எங்க டிராவல்ஸ் என்கிட்ட கொடுத்தது. நாற்பத்தாறு பேருக்கும் நான் ஒருத்தி. பேர் எழிலரசி. வேலையில் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகுது. இதுக்கு முன்னால் கப்பலை மெரினாவில் நின்னு தூரத்தில் பார்த்ததோட சரி.

கொஞ்சம் மெதுவாப் பேசறேன். லிஃப்டில் இருந்து யாராவது வந்தால் பேச்சை நிறுத்திடுவேன், தப்பா நினைக்காதீங்க. அண்ணாச்சிக்கு சர்க்கரை இருக்குன்னு எங்க ஆட்கள் யாருக்கும் தெரியக் கூடாது. உங்ககிட்ட சொல்லலாம், நீங்க வேற கூட்டம். நாளைக்குக் காலையில் சென்னையில் இறங்கினால் அப்புறம் நாம எங்கே பார்த்துக்கப் போறோம்.

நான் பொய் சொல்றவ இல்லை அக்கா. அதை முதல்லயே சொல்லிடறேன். எங்க ஊர் ஆரணிப் பக்கம். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குறார். முதல் பட்டதாரின்னு தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழ் தருவாங்களே, அதை வாங்கித்தான் படிச்சேன். குடும்பத்தில் இதுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கலைன்னு உறுதிமொழி எழுதிக் கொடுக்கணும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னால் அப்பாவை மூணு தடவை கேட்டேன், தாத்தா வழியில்கூட யாரும் இல்லையான்னு. இருந்திருந்தா நான் ஏண்டி மூட்டை தூக்கறேன்னு அவருக்குக் கோபம் வந்துடுச்சு. ஆனால் கேட்கணும் இல்லையா? நான் ஒண்ணு தப்பா எழுதினால் அது தப்புன்னு சொல்ல எங்க வீட்டில் ஆள் கிடையாது. அதனால் எதையும் ரெண்டு தடவை படிப்பேன். என்கிட்ட என்ன சொன்னாங்களோ அதை அப்படியே செய்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

இருங்க, வரிசையாச் சொல்றேன். அப்போதான் என் மேல் எது தப்பு, எது இல்லைன்னு எனக்கே தெரியும்.

திங்கட்கிழமை மத்தியானம் துறைமுகத்தில் எல்லார் பெட்டிக்கும் நான் அட்டை கட்டிட்டிருந்தேன். அண்ணாச்சி என்னை ஒரு தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார். கையில் ஒரு துணிப்பை. அதுக்குள்ளே மருந்துக்கடை அட்டைப்பெட்டி, பெட்டியில் ரெண்டு இன்சுலின் பேனா. நீங்க பார்த்திருக்கீங்களா? எழுதுற பேனா மாதிரியே இருக்கும், கொஞ்சம் தடிமன். மூடியைக் கழட்டினால் நுனியில் ஊசி மாட்டிக்கலாம். பதினோரு வருஷமாப் போட்டுக்கறாராம், காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னால்.

இப்போ போட்டுட்டிருக்கற பேனா ஷேவிங் பெட்டியில் இருக்கு, அது வெளியிலேயே இருக்கலாம், புதன்கிழமை காலையில் தீர்ந்துடும், அப்புறம் இதிலிருந்து ஒண்ணு தரணும்னார். அவர் அறையில் ஃப்ரிட்ஜ் இருக்கேன்னு கேட்டேன். இருக்கு, ஆனால் கூடத் தங்கறது சங்கரன்கோவில் தங்கமாரியப்பன். அவரும் பெயிண்ட் கடைதான். அவர் பையனுக்கு அண்ணாச்சி பொண்ணைப் பேசிட்டிருக்காங்க. இன்னும் முடிவாகலை.

அண்ணாச்சி என்ன சொன்னார்னா, "அவன் கண்ணுல இது பட்டுச்சுன்னா, அப்பனுக்குச் சீனின்னா மகளுக்கும் வரும்லான்னு நூல் பிடிச்சுக்கிட்டே போயிருவான் தாயி. நீயே பத்திரமா ஐஸ்ல வச்சிரு."

ஐஸ்ல வச்சிரு. இதுதான் அக்கா அவர் சொன்னது. நான் ஒரு வார்த்தையும் மாற்றிச் சொல்லலை.

அதுக்கு முன்னால் ஒரு ஃபார்ம் விஷயம் இருக்கு. கப்பலில் ஏற ஒரு உடல்நலப் படிவம் உண்டு. சர்க்கரை இருக்கா, இதய நோய் இருக்கான்னு கட்டம் கட்டமா இருக்கும். எல்லாருக்கும் நான்தான் நிரப்பினேன். அண்ணாச்சிகிட்ட கேட்டேன், இல்லைன்னார். இல்லைன்னு டிக் போட்டேன். அப்போ எனக்குத் தெரியாது. பேனாவை வாங்கின பிறகு தெரியும், ஆனால் ஃபார்மைக் கொடுத்தாச்சு. அவர் சொன்னதைத்தானே எழுதினேன், கையெழுத்தும் அவரோடது. அதில் என் தப்பு ஒண்ணும் இல்லைன்னுதான் நினைக்கறேன். நீங்க என்ன நினைக்கறீங்க? சரி, விடுங்க.

எங்க வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுது. பழசு, ஒத்தைக் கதவு. மேலே ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, வெள்ளையாப் பனி கட்டிக்கிட்டு, அம்மா அதைத்தான் ஐஸ்னு சொல்லுவாங்க. மீதியெல்லாம் ஃப்ரிட்ஜ். மீனை ஐஸ்ல வைடி, மாவை ஃப்ரிட்ஜ்ல வைடி. ஒரு தடவை மாவை மாற்றி ஐஸில் வச்சுட்டேன்னு சாயங்காலம் வரைக்கும் திட்டு வாங்கினேன். அதுக்கப்புறம் நான் மறப்பேனா? ஐஸ்னா ஐஸ். ஃப்ரிட்ஜ்னா ஃப்ரிட்ஜ்.

என் அறையில் இருந்த ஃப்ரிட்ஜில் ஐஸ் கிடையாது. பாட்டில் வைக்கிற அலமாரி மாதிரி ஒண்ணு. தண்ணி பாட்டிலை வச்சு ஒரு மணி நேரம் கழிச்சுத் தொட்டுப் பார்த்தேன், சும்மா லேசா ஜில்லுன்னு இருந்தது. இதில் வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். பாருங்க, எவ்வளவு யோசிச்சிருக்கேன். ஒன்பதாவது தளத்தில் ஐஸ்க்ரீம் கொடுக்கிற இடம் இருக்கே, அங்கே தீர்த்தான்னு ஒரு நேபாளத்துக்காரர் நிற்பார், உங்களுக்கும் கொடுத்திருப்பார். அவர்கிட்ட போய்க் கேட்டேன். அவர் கீழ்ப் பெட்டியைத் திறந்தார். புகை மாதிரி குளிர் எழும்பி வந்தது. மருந்துன்னு சொல்றீங்களே, இதிலேயா வைக்கணும்னு ஒரு தடவை கேட்டார். ஆமாம், ஐஸில்தான்னு சொன்னேன்.

அவர் கேட்டார் அக்கா. கேட்டார். நான் ஆமாம்னு சொன்னேன்.

அட்டைப்பெட்டி ஈரமாயிடும்னு அதைப் பிரிச்சுட்டு, பேனா ரெண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே மருந்துன்னு எழுதி, என் அறை எண்ணும் எழுதி வச்சேன். பெட்டிக்குள்ளே மடிச்சு மடிச்சு ஒரு தாள் இருந்தது. எந்தத் தாளையும் நான் தூக்கிப் போட மாட்டேன். என் ஃபைலில் சொருகினேன். எதையும் ரெண்டு தடவை படிக்கிறவ, அதை மட்டும் ஒரு தடவைகூடப் படிக்கலை. நாற்பத்தாறு பேருக்கு அறைச் சாவி கொடுக்கணும், சாப்பாட்டு மேஜை சொல்லணும், அதில் போயிடுச்சு. அன்னைக்கு நிம்மதியாத் தூங்கினேன். ஒரு பொறுப்பான காரியம் பண்ணின மாதிரி.

புதன்கிழமை காலையில் திருகோணமலையில் இறங்கறதுக்கு முன்னால் போய் உறையை வாங்கினேன். ரெண்டும் கல்லு மாதிரி இருந்தது. மருந்து தெரியற கண்ணாடிக் குழாயெல்லாம் வெள்ளை. ஐஸில் வச்சால் கட்டித்தானே ஆகும்னு சொல்லிக்கிட்டேன். ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணைத் திரும்ப அங்கேயே வைக்கச் சொன்னேன். எடுத்ததை வெந்நீர்க் குழாயில் காட்டினேன், துப்பட்டாவில் சுற்றிக் கையிடுக்கில் வச்சுக்கிட்டேன். இருபது நிமிஷத்தில் உருகிடுச்சு.

உருகினதும் பார்த்தேன். அந்த மருந்து வெள்ளையா, பால் மாதிரி இருக்குமாம். பால் மாதிரிதான் இருந்தது. ஆனால் திரிஞ்ச பால் மாதிரி. குருணை குருணையா கண்ணாடியில் ஒட்டிக்கிட்டு இருந்தது. அண்ணாச்சி, இது எப்பவும் இப்படித்தான் இருக்குமான்னு கேட்டேன். கேட்டேன் அக்கா, கேட்காமல் கொடுக்கலை. அவர் மூக்குக்கண்ணாடியை அறையில் வச்சுட்டு வந்திருந்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டு போய்ப் பார்த்துட்டு, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வச்சு உருட்டினார். உருட்டினாக் கலந்துரும் தாயி, நல்லாக் குளுகுளுன்னு வச்சிருக்கியேன்னு சந்தோஷப்பட்டார். அந்த லிஃப்ட் பக்கத்தில் இருக்கிற கழிவறைக்குள்ளே போய்ப் போட்டுக்கிட்டு வந்தார்.

அவர் பாராட்டினதும் எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நம்புங்க. மத்தியானம் வரைக்கும்தான்.

மத்தியானம் திருகோணமலையில் பஸ்ஸில் போயிட்டிருக்கோம். பின் சீட்டில் வெற்றிலைப் பேச்சு. ஊரிலிருந்து கொண்டு வந்த வெற்றிலை வாடிப் போச்சுன்னு யாரோ சொன்னாங்க. அதுக்கு அண்ணாச்சி, எங்க வீட்டு ஐஸ்ல வச்சா நாலு நாளைக்கு வாடாதுன்னார். தங்கமாரியப்பன், ஐஸ்ல வச்சா கருகிப் போகும்லா, வெத்தலை என்ன மீனாவேன்னு கிண்டல் பண்ணார். அண்ணாச்சி சிரிச்சுட்டு, நான் மேல் பெட்டியைச் சொல்லலவே, எங்க வீட்ல மொத்தத்துக்கும் ஐஸ்னுதான் பேரு, பால் ஐஸ்ல, தயிர் ஐஸ்ல, மல்லிகைப்பூ ஐஸ்லன்னார்.

எனக்கு அப்போ காது அடைச்சுப் போச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். கைடு ஏதோ கோயிலைக் காட்டிட்டிருந்தார். ஒண்ணும் கேட்கலை. மாவை ஐஸில் வச்சுட்டோம். அதுதான் எனக்குள்ளே ஓடுச்சு. மாவை ஐஸில் வச்சுட்டோம்.

அப்பவே சொல்லியிருக்கலாம்னு நீங்க நினைக்கறீங்க. முகத்தில் தெரியுது. பஸ்ஸில் எப்படிச் சொல்றது? பக்கத்திலேயே சம்பந்தி. கப்பலுக்குத் திரும்பினதும் சொல்லலாம்னு நினைச்சேன். திரும்பினதும் முதல் வேலையா இன்னொரு பேனாவை ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்து என் அறை ஃப்ரிட்ஜில் வச்சேன். அது உருகினதும் அதுக்குள்ளேயும் குருணை. ஆனால் எனக்கு என்ன தெரியும்? நான் படிச்சது சுற்றுலா. கெட்டுப் போச்சான்னு உறுதியாத் தெரியாமல் ஒருத்தரைப் போய் பயமுறுத்தறதான்னு தோணுச்சு. கடலில் இருக்கோம். புது மருந்து எங்கே வாங்கறது? சொன்னால் அவர் கேட்பார், நான் மேனேஜருக்குச் சொல்லணும், மேனேஜர் கம்பெனிக்குச் சொல்லணும். பட்டம் வாங்கின பொண்ணுக்கு ஒரு மருந்தைப் பத்திரமா வைக்கத் தெரியலைன்னு ஆயிடும். அவரைக் கவனிச்சுப் பார்ப்போம், ஏதாவது மாறுதல் தெரிஞ்சால் உடனே சொல்லிடுவோம்னு முடிவு பண்ணேன்.

கவனிச்சேன் அக்கா. ஒரு கண்ணு அவர் மேலேயே. எப்படி இருக்கீங்க அண்ணாச்சி, தலை சுற்றுதா, தண்ணி வேணுமா. மணிக்கு ஒரு தடவை கேட்டேன். அவர் அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டார். சாயங்காலம் டிபன் மேஜையில் எல்லார் முன்னாலயும், நான் பெத்த மக இருக்காளே, போன்ல பேசினா சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டா, இந்தப் பிள்ளையைப் பாருங்கய்யான்னார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க.

அந்த மேஜையில்தான் ஜாங்கிரி. தங்கமாரியப்பன் தட்டு நிறைய எடுத்துட்டு வந்து நடுவில் வச்சு, "என்னவே, இனிப்புன்னா ஒதுங்குதீரு? சீனி வியாதியா உமக்கு?"ன்னார். விளையாட்டாத்தான் கேட்டார். அண்ணாச்சி ஒரு நொடிகூட யோசிக்கலை. மூணு ஜாங்கிரியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கித் தின்னார். தின்னுட்டு, இன்னும் இருக்கான்னு கேட்டார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நமக்குத்தான் மருந்து இருக்கேங்கற மாதிரி. அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கும்போது வழக்கத்தைவிட ரெண்டு யூனிட் கூட்டிப் போட்டாராம். அந்தப் பேனாவில்தான்.

இன்னைக்குக் காலையில் மூணு ஜாடித் தண்ணி குடிச்சார். பாத்ரூமுக்குப் போய்ட்டே இருந்தார். கடல் காத்து தாகம் எடுக்கும்னு தங்கமாரியப்பன் சொன்னார். நான் ஜாடியை நிரப்பிக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோட நின்னவர் அப்படியே சாய்ஞ்சார். மூச்சு வேகமா வாங்குது, நாக்கு குழறுது. எல்லாரும் கப்பல் ஆட்டம்னாங்க. நானும் அவங்க முன்னால் ஆட்டம்தான்னேன். சக்கர நாற்காலியில் வச்சு இங்கே கொண்டு வந்து, இந்தக் கதவைச் சாத்தினதும்தான் சிஸ்டர்கிட்ட சர்க்கரைன்னு சொன்னேன். அவர் ரகசியத்தையும் காப்பாத்தணும், உயிரையும் காப்பாத்தணும்.

விரலில் குத்திப் பார்த்தாங்க. ஐந்நூத்து நாற்பது.

அந்த எண்ணை நான் வாழ்க்கையில் மறக்க மாட்டேன். சிஸ்டர் மலையாளி, தமிழ் நல்லாப் புரியும். அவர் பாஸ்போர்ட்டும் மருந்தும் கொண்டு வாங்கன்னாங்க. ஓடிப் போய் அவர் ஷேவிங் பெட்டியில் இருந்ததும் என் ஃப்ரிட்ஜில் இருந்ததுமா ரெண்டு பேனாவையும் எடுத்துட்டு வந்து கையில் கொடுத்தேன். மருந்துப் பேர் போட்ட தாள் இருக்கான்னாங்க. திரும்ப ஓடினேன். ஃபைலில் இருந்து அந்தத் தாளை எடுத்து விரிச்சேன். அறை நடுவில் நின்னுக்கிட்டே படிச்சேன். பொடி எழுத்து. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். உறைய வைக்கக் கூடாது. ஒரு தடவை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது, எறிந்துவிட வேண்டும்.

ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துட்டேன். பிறகு தாளை மடிச்சு எடுத்துட்டு வந்து சிஸ்டர்கிட்ட கொடுத்தேன்.

நான் வர்றதுக்குள்ளே டிரிப் ஏத்தி, அதில் இவங்க மருந்தைப் போட்டிருந்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. நானூறு, முந்நூத்துப் பத்து. நாலு மணிக்கு அண்ணாச்சி கண்ணைத் திறந்து பேசினார். அப்போ டாக்டர் வந்தார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அந்த நேரம் பார்த்து சிஸ்டர் உள்ளறையில் வேற ஒருத்தருக்குக் கட்டுப் போட்டுட்டிருந்தாங்க. நான்தான் மொழிபெயர்க்கணும்.

எவ்வளவு யூனிட் போடறீங்கன்னு கேட்டார். சொன்னேன். என்ன சாப்பிட்டீங்கன்னார். அண்ணாச்சி வெட்கப்பட்டுக்கிட்டே ஜாங்கிரியைச் சொன்னார். அதையும் சொன்னேன். அப்புறம்தான் கேட்டார், இந்த இன்சுலினைக் கப்பலில் எங்கே வச்சிருந்தீங்கன்னு. நான் அதைத் தமிழில் அண்ணாச்சிகிட்ட கேட்டேன்.

அண்ணாச்சி சொன்னார், "ஐஸ்லதான். இந்தப் பிள்ளைகிட்டதான் கொடுத்து வச்சேன். கண்ணு மாதிரிப் பாத்துக்கிட்டா."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஃப்ரிட்ஜில்னு சொன்னேன்.

இது பொய்யா அக்கா? நீங்களே சொல்லுங்க. அவர் ஐஸ்னா ஃப்ரிட்ஜ்னு அர்த்தம். எனக்கு அது நேத்தே தெரிஞ்சு போச்சு. முதல் தடவை அவர் சொன்ன வார்த்தையைத் தப்பா எடுத்துக்கிட்டேன். இந்தத் தடவை சரியா எடுத்துக்கிட்டேன். மொழிபெயர்க்கறவ அவர் மனசில் என்ன இருக்கோ அதைத்தானே சொல்லணும்? நான் எதையும் சேர்க்கலை. விடலை. அவர் சொன்னது ஃப்ரிட்ஜ்.

டாக்டர் தலையாட்டி எழுதிக்கிட்டார். அப்போ மருந்தில் குறையில்லை, அளவுதான் பத்தலை, இனிப்பும் சேர்ந்துடுச்சுன்னார். எல்லாத்தையும் நான் தமிழில் சொன்னேன். ஜாங்கிரி கவுத்துருச்சு தாயின்னு அண்ணாச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டார். கை சூடா இருந்தது. தங்கமாரியப்பன்கிட்ட ஆட்டம்னே சொல்லிரு, சரியான்னார். சரின்னேன்.

அதனால்தான் சொல்றேன், இப்போ பயம் இல்லை. கடைசியாப் பார்த்தப்போ இருநூத்துப் பத்து. டிரிப்பைக் கழட்டிட்டாங்க. ஆறு மணிக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கமான ஊசி, எட்டு யூனிட் கூட்டி. அளவு மாறினதை அவருக்குத் தமிழில் விளக்கணும்னுதான் என்னை இருக்கச் சொல்லியிருக்காங்க. நாளைக்குக் காலையில் துறைமுகத்துக்கு அவர் மகன் வந்துடுவார். மகன் கையில் ஒப்படைச்சுட்டால் முடிஞ்சது. நடந்தது நடந்து போச்சு, அவருக்கும் சரியாயிடுச்சு. இனிமே நான் சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகுது? அவர் மனசு சங்கடப்படும், என் வேலை போகும், அவ்வளவுதானே. என் மனசுக்கு மட்டும் யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தது. உங்களைப் பார்த்தேன், சொல்லிட்டேன்.

என்ன கேட்டீங்க?

எந்த மருந்தா? ஆறு மணிக்குப் போடறதா?

அவரோடதுதான். நான் கொடுத்தேனே, அதுதான். சிஸ்டர் அவர் பேர் ஒட்டி அவங்க ஃப்ரிட்ஜில் வச்சிருக்காங்க. டிரிப்பில் ஏத்தினதுதான் கப்பல் மருந்து. அதுக்கப்புறம் சொந்த மருந்து கையில் இருந்தால் அதையே போடறதுதான் இங்கே வழக்கமாம். டாக்டர் சொன்னார். நான்தான் அதையும் மொழிபெயர்த்தேன்.

ஏன் அக்கா எழுந்துட்டீங்க?

ஏன் என்னை இப்படிப் பார்க்கறீங்க?

அந்தப் பேனா.

ஐயோ. அந்தப் பேனாவைத்தான் திரும்பப் போடப் போறாங்க. இன்னைக்குச் சாயங்காலம். நாளைக்குக் காலையில். நான் சொன்ன ஃப்ரிட்ஜை நம்பி. டிரிப்பும் இல்லை இப்போ. மறுபடி ஐந்நூறு ஏறும், டாக்டர் அளவு பத்தலைன்னு அதையே இன்னும் கூட்டுவார், நான் பக்கத்தில் நின்னு அதையும் தமிழில் சொல்லிட்டிருப்பேன். ஒரு மணி நேரமா இதே கதவுக்கு வெளியே உட்கார்ந்து வேலை போயிடும், வேலை போயிடும்னு மட்டும்...

மணி என்ன? என் போன் எங்கே? நீங்களே பாருங்க அக்கா.

ஐந்து ஐம்பத்தெட்டா?

தட்டறேன். தட்டிட்டுத்தான் இருக்கேன், உள்ளே கேட்கலை போல. நீங்களும் தட்டுங்க. சத்தமாத் தட்டுங்க, யார் வந்தால் என்ன. லிஃப்டில் வர்றது தங்கமாரியப்பனா? வரட்டும்.

சிஸ்டர். ஆமாம், நான்தான். இல்லை, இவங்க வாந்தி மாத்திரைக்கு வந்தவங்க, அவங்களை விடுங்க. நான் நாலு மணிக்கு டாக்டர்கிட்ட சொன்னேனே, மருந்து ஃப்ரிட்ஜில் இருந்ததுன்னு. அது அண்ணாச்சி சொன்னது. நடந்தது அது இல்லை. நான் அதை ஐஸ்க்ரீம் பெட்டியில் போட்டு உறைய வச்சுட்டேன், ரெண்டு பேனாவையும். அவருக்குத் தெரியாது. எழுதிக்கோங்க, என் பேர் எழிலரசி, எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். முதல்ல கையில் இருக்கிற அந்தப் பேனாவைக் கீழே வைங்க சிஸ்டர்.